மதர்போர்டு மாறினால் கணினி மாறிவிடுமா?

சென்னையின் ரிச்சி தெருவில் அலைந்தவருக்குக் கொல்கத்தாவின் சாந்தினி சந்தை அந்நியமாகத் தோன்றாது. சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலேறி வந்தால், சித்தரஞ்சன் அவென்யூவிலும் கணேஷ் சந்திர அவென்யூவிலும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளிலும் கணினி உறுப்பு உறுப்பாகப் பிரிந்து விற்பனைக்குக் கிடக்கிறது. ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, விசிறி, பழைய மதர்போர்டு, அந்த மதர்போர்டைச் சூடுகாட்டி உயிர்ப்பிக்கும் கை என எல்லாம் அங்கே உண்டு. இச்சந்தையை நம்பி வாழும் கணினிகளுக்கு ஒரு தனி இயல்பு இருக்கிறது. அவை ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஒரே நாளில் இறப்பவையும் அல்ல. இவ்வாண்டு ராம், அடுத்த ஆண்டு எஸ்எஸ்டி, அதற்கடுத்த மழைக்காலத்தில் மதர்போர்டு என்று பத்தாண்டுகள் வரை அவை மெல்ல மெல்ல மாறிக்கொண்டே உயிர் வாழ்கின்றன.

ஆய்வு மாணவர்களின் கணினிகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. காரணம் விளக்க வேண்டியதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் உதவித்தொகை பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் செய்வோருக்கு அது 8,000 ரூபாய். எந்த உதவித்தொகையும் இன்றி மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோரின் கணக்கு இதில் சேராது. கலை, சமூக அறிவியல் துறைகளில் உதவித்தொகை பெறுவோருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தரப்படும் சில்லறைச் செலவு மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதற்குள் நூலும் ஒளிநகலும் களப்பயணமும் அடங்க வேண்டும். புதுக் கணினி வாங்க இயலாது. ஓர் உறுப்பு வாங்கலாம். கொல்கத்தாவின் ஈரக்காற்றும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வும், ஆண்டுதோறும் தெருவை மூழ்கடிக்கும் மழையும் எந்த உறுப்பை எப்போது வாங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 2020 மே 20 அன்று அம்பன் புயல் தாக்கியபோது கல்லூரித் தெருவின் நூல்கள் நீரில் மிதந்த படங்களை நாடே பார்த்தது. அதே ஈரம் தரைத்தளத்து மேசைக்கடியில் நிற்கும் கணினிப் பெட்டிகளுக்கு என்ன செய்யும் என்பதை எவரும் படமெடுப்பதில்லை.

இனி, அப்படியொரு கணினியின் மதர்போர்டு போய்விட்டது என்று கொள்வோம். உரிமையாளர் சாந்தினிக்குச் சென்று அதே செயலி பொருந்தும் வேறொரு போர்டை வாங்கிப் பொருத்துகிறார். பழைய எஸ்எஸ்டி, பழைய ராம், பழைய பெட்டி, பழைய திரை. மின்சாரம் கொடுத்ததும் எழுதிக்கொண்டிருந்த இயல் அதே இடத்தில் நிற்கிறது. ஆனால் திரையின் வலக்கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யுமாறு ஒரு மங்கலான வாசகம். காசு கொடுத்து வாங்கிய உரிமம் இக்கணினிக்கு உரியதன்று என்று எங்கோ இருக்கும் ஒரு சர்வர் முடிவு செய்துவிட்டது.

இம்முடிவைச் செய்யும் அதிகாரம் விற்றவருக்கு எவ்வாறு வந்தது, அது எந்த அளவுக்கு நியாயமானது என்பதே இங்குள்ள கேள்வி. இதைப் பழுதுபார்ப்பவரின் சிறு தொல்லை என்று பல்கலைக்கழகங்கள் ஒதுக்கிவிடுகின்றன. அவ்வாறு ஒதுக்கத் தக்கதன்று.

மென்பொருள் வன்பொருளோடு இவ்வாறு கட்டப்பட்டிருப்பது இயற்கை விதி போல இன்று தோன்றுகிறது. ஆனால் அதன் வயது அதிகமில்லை. பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் இங்கிலாந்திலிருந்து ஹெக்-2எம் கணினி வந்தது. இந்தியாவின் முதல் மின்னணுக் கணினி அது. 1966-இல் அக்கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐஎஸ்ஐஜேயு-1 என்ற கணினியைத் தாமே கட்டின. மென்பொருளைத் தனிச் சரக்காக விலையிட்டு விற்கும் வழக்கம் பரவியதே 1969 ஜூனில் ஐபிஎம் நிறுவனம் அதை வன்பொருளிலிருந்து பிரித்து விலையிடப்போவதாக அறிவித்த பிறகுதான். அதன் பின்னர் வந்த விண்டோஸும் நெடுங்காலம், பெட்டியில் வந்த வட்டுகளை எந்தக் கணினியில் ஏற்றினாலும் ஓடியது. 2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வெளியானபோதுதான், நிறுவிய 30 நாட்களுக்குள் ஆக்டிவேஷன் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது.

எக்ஸ்பியின் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. பிற்காலத்து முறைகளைவிட அது வெளிப்படையானது. கணினியின் பத்துக் கூறுகளை அது குறித்துக்கொண்டது: கிராஃபிக்ஸ் கார்டு, ஸ்கஸி கட்டுப்படுத்தி, ஐடிஇ கட்டுப்படுத்தி, நெட்வொர்க் கார்டின் மேக் எண், ராமின் அளவு, செயலியின் வகை, செயலியின் வரிசை எண், ஹார்டு டிஸ்க், அதன் தொகுதி வரிசை எண், சிடி டிரைவ். ஒவ்வொன்றிலிருந்தும் சில பிட்டுகளே எடுக்கப்பட்டன. அவற்றைக்கொண்டு மூல எண்ணை மீட்க முடியாது. எக்ஸ்பி வெளியாவதற்கு முன்பே, 2001 ஜூலையில், பெர்லினைச் சேர்ந்த ஃபுல்லி லைசென்ஸ்டு என்ற நிறுவனம் இம்முறையைப் பிரித்தாய்ந்து வெளியிட்டது. நெட்வொர்க் கார்டு மாறாதிருந்தால் ஆறு கூறுகள் மாறும்வரை கணினி அதே கணினி. அந்தக் கார்டும் மாறிவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே இல்லாவிட்டால், நான்கே போதும். மறுபடி ஆக்டிவேஷன் செய்ய வேண்டும். இணையம் இல்லாதவர் தொலைபேசியில் ஐம்பது இலக்க எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லி, நாற்பத்திரண்டு இலக்க எண்ணைத் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டும். இந்திய வீடுகளில் தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் உறுத்திய காலம் அது.

இதில் குறைகள் உண்டு. ஆனாலும் இது ஒருவகை வாக்கெடுப்பு. எந்த உறுப்பும் தனியாக முடிசூட்டப்படவில்லை. பெரும்பான்மை நீடித்தால் கணினி நீடித்தது. எத்தனை வாக்கு வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. இன்று அந்தக் கணக்கு பயனரிடம் சொல்லப்படுவதில்லை. மதர்போர்டை மாற்றுவது போன்ற ‘குறிப்பிடத்தக்க வன்பொருள் மாற்றம்’ நிகழ்ந்தால் உரிமம் கண்டறியப்படாமல் போகலாம் என்று மட்டும் மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கம் கூறுகிறது. குறிப்பிடத்தக்கது எது என்பதைக் குறிப்பிடும் உரிமை அந்நிறுவனத்திடமே இருக்கிறது.

கணினியோடு சேர்த்து விற்கப்படும் ஓஇஎம் உரிமத்தின் நிலை இன்னும் கடுமையானது. தனிப் பெட்டியில் விற்கப்படும் உரிமத்தை ஒரு கணினியிலிருந்து நீக்கி வேறொன்றுக்குக் கொண்டுசெல்லலாம். ஓஇஎம் உரிமம் பிறந்த கணினியோடு சாகும். அக்கணினி எது என்று கேட்டால், மதர்போர்டுதான் கணினி என்பது விடை. விண்டோஸ் 7 காலம்வரை உரிம எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டுத்தாள் பெட்டியில் இருந்தது, உரிமமோ போர்டில் இருந்தது என்பது ஒரு வேடிக்கை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, பெரிய நிறுவனங்களின் கணினிகளில் அந்த எண்ணே மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள் எழுதப்படுகிறது. வேடிக்கை நீங்கியது, பிடி இறுகியது.

பழுதான போர்டை மாற்றுவோருக்கு விதிவிலக்கு உண்டு என்று கூறுவர். உண்மை. ஆனால் அவ்விதிவிலக்கின் சொற்களைக் கவனிக்க வேண்டும்: அதே வகைப் போர்டாகவோ, உற்பத்தியாளர் தம் உத்தரவாதத்தின்படி அதற்கு இணையாக ஏற்றுத் தரும் போர்டாகவோ இருத்தல் வேண்டும். சாந்தினிக்கு வரும் கணினிகள் உத்தரவாதக் காலத்தைக் கடந்து நெடுநாளானவை. இன்டெல் தன் செயலிகளின் சாக்கெட்டைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுகிறது. அதன்பின் அசல் உற்பத்தியாளர் பழைய போர்டைச் செய்வதில்லை. எல்ஜிஏ 1155 சாக்கெட் கொண்ட பழைய செயலிக்கு இன்று புதுப் போர்டு வேண்டுமெனில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட செப்ரானிக்ஸ் போன்றோர் விற்கும் எச்61 போர்டுகளை நாட வேண்டும். அப்போர்டின் விலையைவிட விண்டோஸின் புது உரிமம் சில மடங்கு அதிகம். ஆக, விதிவிலக்கு யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் அது எட்டுவதில்லை.

உறுப்புகள் மாறினாலும் பொருள் அதுவேயா என்ற கேள்வி வங்கத்துக்குப் புதிதன்று. ரகுநாத சிரோமணியின் நவத்வீபம் நவ்ய நியாயத்தின் தலைநகராக விளங்கிய ஊர்; கொல்கத்தாவிலிருந்து சில மணி நேரப் பயணம். நியாய வைசேடிக மரபில் அவயவங்கள் வேறு, அவற்றாலான அவயவி வேறு. துணியிலிருந்து ஒரு நூலை உருவிவிட்டால் பழைய துணி அழிந்து புதிய துணி தோன்றுகிறது என்பது அவர்களின் கண்டிப்பான நிலைப்பாடு. பானை சூளையில் வேகும்போது அணுக்களாகச் சிதைந்து மறுபடி கூடுகிறது என்றனர் வைசேடிகர். பானை பானையாகவே நின்று நிறம் மாறுகிறது என்றனர் நையாயிகர். பௌத்தர்களோ அவயவி என ஒன்றில்லை, அது பெயரளவே என்றனர். மிலிந்தனுக்கு நாகசேனர் தேரை உறுப்பு உறுப்பாகக் காட்டிக் கேட்டது அதைத்தான். மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் வைசேடிகவாதியும் வந்து பேசுவதால், தமிழ் மாணவருக்கும் இவ்வழக்கு கேட்ட வழக்கே.

இத்தனை தரப்புகளில் ஒரு தரப்பும், ஆயிரம் நூல்களில் குறிப்பிட்ட ஒரு நூலே துணி என்று வாதிட்டதில்லை. சக்கரமே தேர் என்றும் எவரும் சொன்னதில்லை. எக்ஸ்பியின் பத்து வாக்குகள் ஏறத்தாழ பௌத்த நிலை, அதனோடு வாதிடலாம். மதர்போர்டே கணினி என்பது தத்துவ நிலை அன்று, கணக்கு வசதி. வசதிக்காக வகுத்த விதியைப் பொருளின் இயல்பு போல முன்வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதே கணினியைப் பல்கலைக்கழகத்தின் பொருட்பதிவேடு எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். பெட்டியின் மீது வெள்ளை வண்ணத்தால் எழுதிய எண் மாறுவதில்லை. போர்டு மாற்றியது ‘பழுதுபார்ப்பு’ என்ற தலைப்பில் செலவெழுதப்படும். தணிக்கையாளர் வந்தால் அதே கணினியைத்தான் எண்ணுவார். நாட்டின் தணிக்கை முறை ஒன்று என்று எண்ணும் பொருளை, விற்றவரின் சர்வர் இரண்டென்று எண்ணுகிறது.

விற்பவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வட்டை வாங்கி ஒன்பது பேர் ஏற்றிக்கொண்ட காலம் நாம் அறிந்ததே. சாந்தினி உள்ளிட்ட சந்தைகளில் நகல் வட்டுகள் வெளிப்படையாக விற்ற காலமும் மறந்துவிடவில்லை. ஒரு விலைக்கு ஒரு கணினி என்ற ஒப்பந்தத்தைக் காக்க ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும். நேரிடையான பயனருக்கு மைக்ரோசாஃப்ட் வழிவிட்டதும் உண்டு. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல், டிஜிட்டல் உரிமத்தைத் தம் கணக்கோடு இணைத்து வைத்தவர், வன்பொருளை அண்மையில் மாற்றியதாகத் தெரிவித்து உரிமத்தை மீட்டுக்கொள்ள முடிகிறது. ஆனால் அவ்வழி பெயர்த்துக்கொள்ளத் தக்க உரிமத்துக்கே உறுதியாகத் திறக்கிறது. ஓஇஎம் உரிமத்துக்கு ஒப்பந்தப்படி இல்லை. இந்தியாவில் கணினி வாங்குவோர் பெரும்பாலும் கேட்காமலே பெறுவது இரண்டாவதைத்தான்.

இக்கட்டுப்பாடு தடுப்பதாகச் சொல்லும் நகலெடுப்பை உண்மையில் தடுக்கிறதா என்பதும் ஐயத்துக்குரியது. தொழில்முறையாகத் திருடுபவருக்கு இது தடையே அன்று. பல்கலைக்கழக சர்வரைப் போல நடிக்கும் போலி நிரல்களை அவர் அறிவார். மாட்டிக்கொள்பவர் உரிமம் வாங்கியவர். பழுதுபார்க்கும் கடையில் இரண்டு நிமிடத்தில் போலி ஆக்டிவேஷன் செய்து தருகிறார்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு, யாருடைய மொத்த உரிமத்திலிருந்து கசிந்தது என்று தெரியாத எண்கள் விற்கின்றன. நேர்வழியில் வந்தவரை, அவர் செய்த பழுதுபார்ப்பே கள்ளவழிக்குத் தள்ளுகிறது. அவ்வழியில் சென்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு காத்திருக்கிறது: திருட்டு நகல் என்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்குக் குறைந்தது ஏழு நாள், அதிகம் மூன்றாண்டு சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். போலி நிரலோடு கணினிக்குள் வேறென்ன வந்து குடியேறுகிறது, மூன்றாண்டுக் களப்பணித் தரவு எவர் கைக்குச் செல்கிறது என்பது இன்னொரு கவலை.

சட்டத்தின் பார்வையில் வாங்கியவருக்கு இருப்பது என்ன? இந்திய உச்ச நீதிமன்றம் 2004-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில், கடையில் விற்கப்படும் ஆயத்த மென்பொருள் விற்பனை வரிக்குரிய சரக்கே என்றது. 2021 மார்ச் 2 அன்று என்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் வழக்கில், இறுதிப் பயனர் ஒப்பந்தங்களின் வழியே மென்பொருளுக்குத் தரப்படும் விலை பதிப்புரிமைக்கான ராயல்டி ஆகாது, சரக்கின் விலையே என்றது. இவை வரி வழக்குகள். ஒப்பந்த நிபந்தனைகள் செல்லாதவை என்று இவை கூறவில்லை. ஆயினும் ஒரு பொருத்தமின்மையை இவை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகின்றன. வரி கட்ட வேண்டிய நேரத்தில் அது விற்ற சரக்கு. வாங்கியவர் போர்டை மாற்றிய நேரத்தில் அது இரவல்.

ஐரோப்பாவில் இப்பொருத்தமின்மை நீதிமன்றத்தில் நேராகவே எதிர்கொள்ளப்பட்டது. ஓஇஎம் மென்பொருளைக் கணினி இல்லாமல் தனியே விற்கலாகாது என்று மூன்றாம் தரப்பு வணிகரைப் பதிப்புரிமையைக்கொண்டு மைக்ரோசாஃப்ட் தடுக்க இயலாது என ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000 ஜூலை 6 அன்று தீர்ப்பளித்தது. காலவரையின்றி விலைக்குத் தந்த உரிமம் விற்பனையே. முதல் வாங்குநர் தம் நகலைச் செயலிழக்கச் செய்துவிட்டு அதை மறுவிற்பனை செய்யலாம் என்று யூஸ்டுசாஃப்ட் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று கூறியது. அடுத்தவருக்கே விற்கலாம் எனில், தன் கணினியின் புதுப் போர்டுக்குத் தானே கொண்டுசெல்வதில் என்ன குற்றம் இருக்க முடியும்?

நம் சட்டத்திலும் அதற்கான இடம் அறவே இல்லை என்று கூற முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது எந்நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்நோக்கத்துக்குப் பயன்படுத்தும்பொருட்டு நகலெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைப்பதையே தண்டிக்கிறது. இதைக்கொண்டு எவரும் போலி நிரலை ஏற்றிக்கொண்டு நீதிமன்றத்தை நம்பியிருக்கலாம் என்று பொருளன்று. வாங்கியவரின் உரிமையைத் தெளிவாக எழுதுவதற்கு அடித்தளம் இருக்கிறது என்பதே பொருள். 2022-இல் ஒன்றிய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தபோது, வேளாண் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் ஆகியன முன்னிறுத்தப்பட்டன. உதிரிபாகமும் கையேடும் கிடைக்கின்றனவா என்பதே அங்குப் பெரிதும் பேசப்பட்டது. உதிரிபாகம் கிடைத்து, பொருத்தியும் ஆன பிறகு, மென்பொருள் மறுத்தால் அந்தப் பழுதுபார்ப்பு முடிந்ததா முடியவில்லையா என்ற கேள்வி அவ்வுரையாடலில் இடம்பெற வேண்டும்.

விண்டோஸோடு இச்சிக்கல் நிற்பதில்லை. ஆய்வு மென்பொருள்கள் ஒவ்வொன்றும் கணினியின் வெவ்வேறு எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தனியர் உரிமத்தில் ஓடும் மேட்லேப், விண்டோஸில் சி டிரைவின் தொகுதி வரிசை எண்ணையும் லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் மேக் எண்ணையும் கணினியின் அடையாளமாகக் கொள்கிறது. எஸ்பிஎஸ்எஸ் தன் பூட்டு எண்ணை வன்பொருளிலிருந்து கணக்கிடுகிறது. எனவே விண்டோஸுக்கு ஒரு பொருட்டே அல்லாத எஸ்எஸ்டி மாற்றம் மேட்லேபுக்கு மரணம். ஒரே மேசைமேல் இருக்கும் ஒரே கணினி, ஒரு மென்பொருளுக்குப் பழையது, மற்றொன்றுக்குப் புதியது. பழைய டிரைவ் உயிரோடு இருக்கும்போதே உரிமத்தை விடுவித்துக்கொண்டால் சிக்கல் குறைவு. ஆனால் டிரைவ்கள் முன்கூட்டி அறிவித்துவிட்டுச் சாவதில்லை.

ஆய்வுக்கூடக் கருவிகளோடு இணைந்த கணினிகளின் நிலையே மிகக் கவலைக்குரியது. நிறமாலைமானியோ நுண்ணோக்கியோ இருபதாண்டு உழைக்கும். அதை இயக்கும் நிரலோ எக்ஸ்பியிலோ விண்டோஸ் 7-லோ மட்டும் ஓடும். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டது. அக்கணினியின் போர்டு எரிந்தால், மறுபடி அனுமதி தர விற்றவரின் சர்வர் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கும் கடமை அதற்கு எவ்வளவு காலம் என்று எந்த ஒப்பந்தமும் உறுதி கூறுவதில்லை. அடோபி தன் கிரியேட்டிவ் சூட் 2-க்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, 2013-இன் தொடக்கத்தில், ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பையே உரிமம் வாங்கியோருக்காகப் பதிவிறக்கத்துக்கு வைத்தது. நல்ல செயல். ஆனால் அது நல்லெண்ணமே தவிர உரிமையன்று. பல லட்சம் ரூபாய்க் கருவியின் ஆயுள் இன்னொருவரின் நல்லெண்ணத்தில் தொங்குவதை எந்த நிதி அலுவலரும் ஒப்பமாட்டார். அவருக்கு அது சொல்லப்படுவதில்லை என்பதே உண்மை.

பல்கலைக்கழகம் மொத்த உரிமம் வைத்திருக்கிறதே, மாணவர் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கலாம். வளாகத்தின் கேஎம்எஸ் சர்வரோடு குறைந்தது 25 கணினிகள் தொடர்புகொண்டால்தான் விண்டோஸுக்கு அது அனுமதி வழங்கத் தொடங்கும்; அனுமதி பெற்ற கணினி 180 நாட்களுக்குள் மறுபடி முகம் காட்ட வேண்டும். வளாகத்துக்குள் போர்டு மாறினால் கேஎம்எஸ் மறுபடி அனுமதி தந்துவிடும். அந்த வகையில் இது நல்ல ஏற்பாடு. ஆறு மாதம் புருலியாவிலோ சுந்தரவனத்திலோ களப்பணி செய்யும் மாணவரின் கணினிக்கு அது நல்ல ஏற்பாடன்று. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. விண்டோஸின் மொத்த உரிமம் மேம்பாட்டு உரிமம் மட்டுமே. கணினிக்கு ஏற்கெனவே அடிப்படை உரிமம் ஒன்று இருந்தால்தான் அது செல்லும். அந்த அடிப்படை பெரும்பாலும் ஓஇஎம் உரிமம். வேறுவகைப் போர்டு பொருத்தப்பட்ட அன்று அடிப்படை ஒப்பந்தப்படி போய்விடுகிறது. மேலே கட்டிய மாடி மட்டும் திரையில் ஒழுங்காகத் தெரிகிறது. சர்வர் எதுவும் சொல்லாது. உரிமத் தணிக்கை வரும் நாளில்தான் தெரியும், துறை நெடுநாளாக உரிமமின்றி இயங்கிவந்தது என்று.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது; இன்டெல் செயலி எனில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ கேட்கிறது. பழைய கணினியைக் கொண்டு அங்குச் செல்ல வேண்டுமெனில் செயலியை மாற்ற வேண்டும். புதுச் செயலி பழைய சாக்கெட்டில் அமராது என்பதால் போர்டையும், போர்டு ஏற்காது என்பதால் பல வேளைகளில் ராமையும் மாற்ற வேண்டும். அதாவது, பாதுகாப்புக்காகச் செய்தே ஆக வேண்டும் என்று விற்பவரே வலியுறுத்தும் மேம்பாடு, அதே விற்பவரின் ஒப்பந்தப்படி உரிமத்தை அழிக்கும் மேம்பாடாகவும் இருக்கிறது. பழைய விண்டோஸ் 7, 8 எண்களைக்கொண்டு ஆக்டிவேட் செய்துகொள்ளும் வழியையும் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டனர். பெட்டியும் பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும் திரையும் நன்றாக இருக்க, முழுக் கணினியையும் கழித்துக்கட்டுவதே ‘முறையான’ வழி என்றாகிறது. மின்னணுக் கழிவைக் குறைக்க 2023 ஏப்ரல் முதல் புது விதிகள் நடைமுறையில் இருக்கும் நாட்டில் இது நடக்கிறது.

கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்பார் சிலர். பாதி உண்மை. லினக்ஸ் நிறுவிய எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் பெரும்பாலும் எதுவும் கேட்காமல் எழுந்துகொள்ளும். சென்னையின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கேரளப் பள்ளிகளின் நெடுங்கால அனுபவமும் இது இயலாத காரியமன்று என்று காட்டுகின்றன. புள்ளியியலுக்கு ஆர் இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் உரிமத்துக்காக மானியம் கேட்கும் துறைகள் அக்கோரிக்கையை மறுபரிசீலனை செய்யலாம். ஆயினும் கருவியோடு வந்த நிரலையும், நெறியாளர் முப்பதாண்டாகக் குவித்த கோப்பு வடிவங்களையும் ஒரு மாணவர் தனியே மாற்றிவிட முடியாது. இதை மாணவரின் மன உறுதிக்கு விட்டுவிடுவது நிறுவனத்தின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே.

நிறுவனம் செய்யத்தக்கவை அரிய காரியங்களும் அல்ல. உதிரியாகக் கட்டப்படும் கணினிகளுக்கு ஓஇஎம் உரிமத்துக்குப் பதிலாகப் பெயர்த்துக்கொள்ளத் தக்க உரிமத்தை வாங்குவது முதல் ஐந்தாண்டில் விலை கூடியதாகத் தோன்றும். இரண்டாவது போர்டு பொருத்தும் நாளில் மலிவாகத் தோன்றும். கருவி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில், கருவியின் ஆயுள் முழுவதும் கட்டுப்பாட்டுக் கணினியின் எந்த உறுப்பை மாற்றினாலும் நிரலுக்குக் கட்டணமின்றி மறு அனுமதி தர வேண்டும் என்றும், அனுமதி சர்வரை நிறுத்துமுன் அது தேவைப்படாத பதிப்பைத் தர வேண்டும் என்றும் ஒரு விதி சேர்க்கலாம். பணம் கைமாறும் முன்னர் விற்பனையாளர் இதற்கு இணங்குவார், பின்னர் இணங்கமாட்டார். ஜாதவ்பூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களும் இந்தியப் புள்ளியியல் கழகமும் சேர்ந்து கேட்டால், தனித் துறையொன்று கேட்பதைப் போல அதை ஒதுக்கிவிட முடியாது.

அதுவரை, சாந்தினிக்குப் புறப்படும் மாணவர் செய்ய வேண்டியவை சில. உரிமம் எவ்வகை என்பதைப் பழைய போர்டு ஓடும்போதே பார்த்து, பெயர்த்துக்கொள்ளத் தக்கதாயின் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிட வேண்டும். மேட்லேப் போன்றவற்றை முன்கூட்டியே விடுவித்துக்கொள்ள வேண்டும். வாங்கிய ரசீதின் நகலைக் கணினிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். இவையனைத்தினும் முன்னதாக, டிரைவ் பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்த்து, அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் திறவுகோலைக் காக்கும் டிபிஎம் பழைய போர்டோடு போய்விடும். புதுப் போர்டில் நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண் கேட்கப்படும்போது அது கையில் இல்லையெனில், இழப்பது விண்டோஸை அன்று, ஆய்வேட்டை.